அழகுமுத்து மாட்டிய சைலன்சர்

அழகுமுத்து ஒரு சபதம் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அக்கரப்பத்தனை டவுனில் கெரம் பலகைப் போட்டியின் இறுதி ஆட்டம். அதில் உட்கார்ந்தே தீருவது. எதிரில் மலையே வந்து நின்றாலும் சரி.

மலை வரவில்லை. காதுகுத்து வந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையில் மச்சான் மதுரனின் மகளுக்குக் காதுகுத்து. அத்தை சீர்த்தட்டோடு வந்து நிற்காமல் பிள்ளையின் காதில் ஊசி படாது. அந்த அத்தை அழகுமுத்துவின் மனைவி வினோதா. அத்தை போனால் மாமாவும் போகத்தானே வேண்டும்?

மாமா போகமாட்டார். மதுரன் கராஜ் வைத்திருப்பவன். போன வருஷம் அவனிடம் மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு அழகுமுத்து பேசிய பேரத்தில், பாதி பிரித்த வண்டியை அப்படியே தள்ளிக்கொண்டு வரும்படி ஆயிற்று. அழகுமுத்து மரக்கறி வியாபாரி. ஒரு கரட்டைக்கூட ஒடித்துப் பார்த்து, கடித்துப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். அவரை ஏமாற்றுகிறவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். பிறந்தாலும் தொட்டிலிலேயே பேரம் பேசி அமுக்கிவிடுவார்.

இந்த ஒரு வருஷமாக மச்சான் வீட்டுப் பக்கம் போகாமல் அவரைக் காப்பாற்றியது வண்டியின் சைலன்சர்தான். துருப்பிடித்து, ஓட்டை விழுந்து, அது போடுகிற சத்தத்தில் தேயிலைக் கொழுந்துக் கூடையே நடுங்கும். "இந்தச் சத்தத்தோட உங்க அண்ணன் வீட்டு வாசல்ல போய் நின்னா என் மானம் என்னா ஆகிறது?" என்பார். வினோதாவும் பஸ்ஸில் தனியாகப் போய் வருவாள்.

ஆனால் காப்பாற்றிய சத்தமே காட்டியும் கொடுத்தது. ஒரு நாள் விடியுமுன்னே வண்டியைக் கிளப்பினார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தோட்டத்து லயத்தில் பாதி கூடையோடு பெரட்டுக் களத்துக்கு ஓடிவிட்டது. வேலை வாங்கும் கண்டாக்கு ஐயாவே கட்டிய சாரத்தோடு வெளியே வந்தார். இப்படிப்பட்ட வண்டியில் கெரம் ஆடப் போனால், பொண்டாட்டிக்குச் சேதி சொல்ல ஆளா வேண்டும்?

ஆகவே திட்டம். சைலன்சரைக் கழற்றி, ஓட்டையை ஒட்டுவித்து, ஒழுங்காக மாட்டுவது. இடுப்பு பிடித்துக்கொண்டது என்று படுத்துக்கொள்வது. வினோதாவை பஸ்ஸில் அனுப்புவது. அப்புறம் பூனை மாதிரி டவுனுக்குப் போய், பூனை மாதிரி திரும்பி வருவது.

சனிக்கிழமை பின்னேரம், ஒட்டுவித்துக் கொண்டுவந்த சைலன்சரை மாட்டும் வேலை லயத்துக் கோடியில் இருந்த தகரக் கொட்டாயில் தொடங்கியது. பின்பக்கத்து நட்டை முதலில் முறுக்கு முறுக்கு என்று முறுக்கினார். பிறகு முன்பக்கம் பார்த்தால், குழாய் ஒரு பக்கம் போகிறது, என்ஜின் வாய் ஒரு பக்கம் இருக்கிறது. இழுத்தார். திட்டினார். காலால் ஒன்று வைத்தார். கால்தான் வலித்தது.

கொட்டாய் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வினோதா மெல்லச் சொன்னாள்:

"என்னாங்க, பின் நட்டைத் தளர்த்துங்க."

"ஏன்? உனக்கு என்னா தெரியும்?"

"எனக்கு என்னாங்க தெரியும்? பந்தல் போடையில எல்லாக் கம்பையும் முதல்ல லேசா நிறுத்திட்டு, அப்புறந்தானே இறுக்குவாங்க? அதைச் சொன்னேன்."

"அதைத்தான் செய்யப் போனேன். நடுவுல பேசாத!"

தளர்த்தினார். குழாய் வாயில் போய்ச் சொன்னபடி உட்கார்ந்தது.

"உள்ள பழைய கேஸ்கட் வளையம் ஒட்டிக்கிட்டு இருக்குங்களே. அதைச் சுரண்டிட்டுப் புதுசு வைக்கலையா?"

"பழசே இரும்பு மாதிரி இருக்கு!"

"சரிங்க. புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துப் போனா, சத்தம் கொஞ்சம் வரும். நமக்கென்னா?"

சத்தம் என்றதும் அழகுமுத்து பழைய வளையத்தைச் சுரண்டி எறிந்தார். புதியதை வைத்தார். என்ஜின் பக்கத்து நட்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பிறகுதான் பின் நட்டு. குழாயில் பட்டிருந்த எண்ணெய்க் கைத்தடத்தைத் துடைத்தார். வண்டியைக் கிளப்பி, ஈரத்துணியால் சைலன்சர் வாயைக் கொஞ்சம் பொத்திக் காது கொடுத்தார். மூட்டில் எங்கும் காற்றுக் கசியவில்லை. துணியை எடுத்தால், தூங்குகிற பிள்ளையின் மூச்சு மாதிரி ஒரு சத்தம். அழகுமுத்துவுக்குக் கண் கலங்கியது.

"அப்ப நாளைக்கு ரெண்டு பேரும் வண்டியிலேயே போயிரலாங்க," என்றாள் வினோதா.

அழகுமுத்து இதற்குத் தயாராக இருந்தார்.

"அது முடியாதே! புதுசா மாட்டின சைலன்சர் சூட்டுல இறுகணும். ரெண்டு நாளைக்கு ரெண்டு பேர் ஏறக்கூடாது. பின்னால பாரம் இருந்தா கேஸ்கட் ஒக்காராது."

"அப்படியா! ஒரு ஆள் போனா?"

"ஒரு ஆள்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"நிச்சயமாங்க?"

"நான் சொல்றேன்ல! நீ பஸ்ல போ. ஐயோ, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு வேற பிடிச்சுக்கிச்சு. நாளைக்கு எந்திரிக்க முடியுமான்னே தெரியல."

வினோதா பதறிப்போய்த் தைலம் கொண்டுவந்தாள். இல்லாத வலிக்கு அவள் தேய்த்த தேய்ப்பில், இருக்கிற தோல் எரிந்தது. பொய்யை விட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றார்.

ஞாயிறு காலை. அழகுமுத்து கம்பளிக்குள் முனகிக்கொண்டு கிடந்தார். "கஞ்சி அடுப்புல இருக்கு. எந்திரிக்காதீங்க. போயிட்டு வாறேன்," என்று வினோதா கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் கீழ் ரோட்டில் பஸ் ஹார்ன் கேட்டது. பஸ் போன சத்தமும் தேய்ந்தது.

கம்பளி பறந்தது! அழகுமுத்து முகம் கழுவினார். தலை சீவினார். இறுதி ஆட்டத்துக்கென்று எடுத்துவைத்த நீலச் சட்டையைப் போட்டார். ஒரு துள்ளலில் கொட்டாய்க்குப் போனார்.

கொட்டாய் இருந்தது. வண்டி இல்லை.

"ஐயோ, களவு! என் வண்டியைக் களவெடுத்துட்டாங்க!"

லயமே ஓடிவந்தது. முன்னால் வந்தவர் அடுத்த வீட்டு வீரம்மா.

"என்னா தம்பி களவு? வண்டியை வினோதாதானே கொண்டுபோச்சு?"

"தள்ளிக்கிட்டா?"

"ஓட்டிக்கிட்டு. பின் சீட்டுல சீர்த்தட்டை ரப்பர் பட்டியால கட்டிவிட்டதே நான்தான்."

அழகுமுத்து போனை எடுத்தார். வினோதாவைக் கூப்பிட்டார்.

"அடியே! உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"அண்ணன் கராஜ்ல வளந்தவளுக்கு ஓட்டத் தெரியாதாங்க? லைசனே கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது. கரட்டை ஒடிச்சுப் பாக்கிற மனுசன், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதே இல்லையே."

"அதுக்கு… சொல்லாம எடுத்துக்கிட்டுப் போவியா?"

"ரெண்டு பேர் ஏறக்கூடாதுன்னீங்க. ஒரு ஆளாத்தான் வந்தேன். பழைய சத்தத்தோட அண்ணன் வீட்டு வாசல்ல வந்து நின்னா உங்க மானம் என்னா ஆகிறது? அதான் இத்தனை நாள் எடுக்கல."

அழகுமுத்து போனைக் காதோடு அழுத்தினார். பின்னால் நாதஸ்வரமும் பிள்ளையின் அழுகையும் கேட்டன.

"அது சரிங்க," என்றாள் வினோதா, "இடுப்பு வலியோட கொட்டாய் வரைக்கும் எப்படி நடந்தீங்க?"

போனை அணைத்தார். அடுத்த பஸ்ஸுக்கு மத்தியானம் ஆகும். அதற்குள் டவுனில் ஆட்டமும் முடிந்து, கோப்பையும் கை மாறியிருக்கும். நீலச் சட்டையோடு அப்படியே கொட்டாய் வாசலில் உட்கார்ந்தார்.

வீரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து, தோளைத் தட்டி, உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார்:

"வண்டி போனது லயத்துல ஒருத்தருக்கும் கேக்கல தம்பி. அவ்வளவு நல்லா மாட்டியிருக்கீங்க."