இலையையும் சேர்த்துத் தின்பவர்கள்

மூன்றாவது தட்டையும் திறந்துவிட்டார்கள். அதுவும் தெற்கு வீதி காபிக் கடை வாசலில், வருகிற போகிறவர்களுக்கு வழிவிடாமல். பஞ்சநதம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. எரிச்சல் கழுத்துவரை வந்து நின்றது.

வெளியூரிலிருந்து வருகிறவர்களைத் தஞ்சாவூர்த் தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய், கடை கடையாக நம் பலகாரங்களைச் சாப்பிடவைப்பதுதான் அவர் பிழைப்பு. அவர் கதை சொல்வார், வந்தவர்கள் தின்பார்கள். அதுதான் முறை. இன்றைக்கு என்னடாவென்றால் வந்தவர்கள் ஊட்டுகிறார்கள், வழிகாட்டி தின்கிறார்.

எல்லாம் மகள் செம்மொழியின் ஏற்பாடு. ஆர்மீனியாவில் டாக்டருக்குப் படித்துத் திரும்பியவள். அங்கே அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்கள்தான் இந்த ஹாகோப்பும் அவர் மனைவி சிரானுஷும். ஆறு வருஷம் பெற்ற பெண்ணைப்போலப் பார்த்துக்கொண்டார்களாம். அவர்கள் ஊர்ச் சாப்பாட்டைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவருவார்களாம். கடைக்குக் கடை நம் பலகாரம் ஒன்று, அவர்கள் பலகாரம் ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பா ருசி பார்க்கவேண்டுமாம்.

சரி, பார்க்கலாம். அதை இன்றைக்கா வைத்துக்கொள்வது? சாயங்காலம் ஐந்து மணிக்குத் திருவையாறு ரைஸ் மில் அமிர்தலிங்கம் குடும்பத்தோடு தட்டு மாற்ற வருகிறார். அவர் மகனுக்கும் செம்மொழிக்கும் நிச்சயம். நாலரைக்காவது வீட்டில் இல்லையென்றால் மானம் போய்விடும்.

செம்மொழி அந்த இடம் வேண்டுமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டாள்.

"தட்டு மாத்தினப்புறம் வேற நல்ல இடம் வந்தா என்னப்பா பண்ணுவீங்க?"

"எவன் வந்தா என்ன? இந்தக் கையால மாத்தினா மாத்தினதுதான். பஞ்சநதம் பேச்சு மாறமாட்டான்."

"அதுலேர்ந்து மட்டும் மாறாதீங்கப்பா" என்று எழுந்து கைகழுவப் போனாள். எவ்வளவு பொறுப்பான பெண் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அந்த நிறைவெல்லாம் பகல் ஒரு மணிக்கே காலி. ஹாகோப் பட்டு வேட்டியில் வந்து இறங்கினார். அது பத்தடிக்கு ஒருதரம் அவிழ்ந்தது. நடுவீதியில் நின்று கட்டிவிட்டவர் பஞ்சநதம். ஏழு தட்டுகளையும் துணி போட்டு மூடி ஏற்றிக்கொண்டு, ஆட்டோக்காரர் அஹமது கபீர் பின்னாலேயே ஊர்ந்து வந்தார்.

முதல் கடையில் தோசைக்கு ஜோடியாக லவாஷ் வந்தது. மண் அடுப்புக்குள் சுவரில் அறைந்து சுடும் ரொட்டி. தோளில் போட்டுக்கொள்ளும் துண்டு அளவுக்கு இருந்தது. அடுத்து நீர்மோருக்குப் பதில் அவர்கள் ஊர் 'தான்'. குடித்துப் பார்த்தால் அதுவும் உப்புப் போட்ட மோர்தான். இதற்காகவா இத்தனை தூரம் விமானம் ஏறி வந்தீர்கள் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. மகளுக்காக அடக்கிக்கொண்டார்.

இப்போது மூன்றாவது. திராட்சை இலைக்குள் சோற்றை வைத்துச் சுருட்டிய டோல்மா. பஞ்சநதம் பழக்கதோஷத்தில் இலையைப் பிரித்து ஓரமாக வைத்துவிட்டுச் சோற்றை மட்டும் தின்றார். சிரானுஷ் பதறிப்போய் அந்த இலையை எடுத்து அவர் வாயிலேயே திணித்தாள். காவிரிக்கரையில் பிறந்து ஐம்பத்தைந்து வருஷமாக இலையில் சாப்பிட்டவர், முதன்முதலாக இலையையே சாப்பிட்டார்.

இதற்கிடையில் மனைவி மலர்கொடி போன் செய்தாள். சாயங்காலத் தட்டுக்கு வெற்றிலை பாக்கு, பழம், பூ, அசோகா அல்வா எல்லாம் வாங்கி, கையோடு ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு வரவேண்டுமாம். அதையும் ஓடி வாங்கி ஆட்டோவில் வைத்தார்.

இனி வேகப்படுத்தினால்தான் உண்டு என்று, மீதித் தட்டுகளில் இரண்டை ஒன்றாகக் கொட்டினார். காரியம் கெட்டது. ஹாகோப் விரல்விட்டு எண்ணினார், முகம் வெளுத்தார், நடைபாதையில் குந்தி உட்கார்ந்து வாதுமைப் பருப்பையும் உலர்ந்த திராட்சையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி இரண்டு தட்டாக்கினார். அரைமணி நேரம் போயிற்று. எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருந்தால் இவருக்கென்ன, இரட்டைப்படையில் இருந்தால் இவருக்கென்ன என்று பஞ்சநதம் பல்லைக் கடித்தார்.

வயிறு நிரம்பிவிட்டது என்று சொல்லிப் பார்த்தார். சிரானுஷின் கண் கலங்கியது. அதைச் சமாளிக்க இரண்டு துண்டு அதிகமாகத் தின்னவேண்டியதாயிற்று. அவள் மகிழ்ந்துபோய்ப் போனில் படம் காட்ட ஆரம்பித்தாள். அவர்கள் வீடு, திராட்சைக் கொடி, மண் அடுப்பு, அடுப்புப் பக்கத்தில் தாடி வைத்த ஒரு பையன். எப்படி என்று சாடையில் கேட்டாள். அவர் எதையும் பார்க்காமலே "சூப்பர், சூப்பர்" என்றார். அவள் அவர் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டுக்கொண்டாள். கடைக்காரர் வேறு பார்த்துவிட்டார்.

கீழவாசல் வந்து சேர்ந்தபோது மணி நாலு இருபது. கடைசித் தட்டில் கத்தா என்னும் இனிப்பு ரொட்டி இருந்தது. சிரானுஷ் அதைத் திறக்கவில்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, புருஷனோடு சேர்ந்து தட்டைப் பிடித்தபடி பஞ்சநதத்துக்கு எதிரே நின்றாள். அவர் வாங்கப் போனால் விடவில்லை. விட்டுவிட்டுத் திரும்பினால் வழியை மறித்தார்கள்.

"என்ன கபீரு இது, ரோதனையா இருக்கு?"

"வெறுங்கையோட போகமாட்டாங்க போலண்ணே. நீங்களும் ஒரு தட்டு குடுத்துட்டா கிளம்பிடுவாங்க."

"எங்கிட்ட ஏதுய்யா தட்டு?"

"அதான் வெத்தலை பாக்கோட ஒண்ணு இருக்கே. போற வழியில வேற வாங்கிக்கலாம்."

பஞ்சநதத்துக்கு அந்த நேரத்தில் தஞ்சாவூரையே எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். வெற்றிலை பாக்கு, பழம், பூ, அசோகாவோடு இருந்த தட்டை எடுத்து நீட்டினார். அவர்கள் அதை வாங்கிக்கொண்டு தங்கள் தட்டை அவர் கையில் வைத்தார்கள். பூக்கடைப் பெண்கள் எதற்கோ குலவையிட்டார்கள். கபீர் போனில் படம் எடுத்தார். சிரானுஷ் ஒரு லவாஷை விரித்து அவர் தோளில் பொன்னாடையாகப் போர்த்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒருவழியாக ஒழிந்தது. பஞ்சநதம் ரொட்டியைப் போர்த்தியபடியே ஆட்டோவில் ஏறினார். அவரை இடித்துக்கொண்டு இந்தப் பக்கம் ஹாகோப்பும் அந்தப் பக்கம் சிரானுஷும் ஏறி உட்கார்ந்தார்கள்.

"இவங்க எங்க ஏறுறாங்க? ஓட்டலுக்குப் போகச் சொல்லு கபீரு. எனக்கு வீட்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துடுவாங்க."

கபீர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"மாப்பிள்ளை அப்பவே உங்க வீட்டுக்கு வந்துட்டாராம்ணே. நீங்க தட்டு மாத்தின படத்தைப் பார்த்துட்டு, பேச்சு மாறாம சம்பந்தி ரெண்டு பேரையும் பத்திரமா கூட்டிட்டு வரச் சொல்லுது செம்மொழி பாப்பா."