பெண்கள் பெட்டியில் வந்த வாழைமரங்கள்

வீடு மாறிப் போகிற மனுஷனுக்கு ஒரு வியாதி வரும். எதைப் பார்த்தாலும் பழைய ஊரில் அது என்ன விலை என்று சொல்லிக்கொண்டே இருப்பான். தேத்தண்ணி குடித்தாலும் சொல்வான், முடி வெட்டினாலும் சொல்வான், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதுகூட (சாமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே) வாய் சும்மா இருக்காது. எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றி, ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு வாழைமரங்களோடு கொமுட்டர் ரயில் ஏறிவிட்டது.

நான் கிள்ளான்காரன். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்று இன்றுவரை முடிவாகவில்லை. அதற்குப் பிறகு எல்லாமே கிடங்கு வேலைதான். கம்பெனி திடீரென்று தன் ஸ்டோரை கோலாலம்பூருக்கு மாற்றியது. தினமும் போய் வந்ததில் முழங்கால் இரண்டும் முறையிட ஆரம்பித்தன. சரி, வேலைக்குப் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோ அடுக்குமாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். பதினைந்தாவது மாடி.

என் மனைவி தனம் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுற்றிப் பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

“வாடகை ரெண்டு மடங்கு, வீடு பாதி,” என்றாள்.

“டோல் இல்ல தனம். பெட்ரோல் இல்ல. வேலைக்கு நடந்து போவேன். கோயிலுக்கு நீ நடந்து போவே. கூட்டிக் கழிச்சுப் பாரு, கிள்ளானும் இதுவும் ஒண்ணுதான்.”

“கணக்கு சரிதான். கறிவேப்பிலைக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுறது?”

கிள்ளானில் எங்களுக்கு வரிசை வீடு. முன்னால் கார், பின்னால் வாழை, பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை. தனம் வேலிப் பக்கம் போய் நின்றாலே போதும், அந்தப் பக்கத்திலிருந்து கறிவேப்பிலையும் வரும், ஊர்க்கதையும் வரும். இங்கேயோ கறிவேப்பிலை பிளாஸ்டிக் பையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தனம் ஒரு நிபந்தனை போட்டாள். “பால் காய்ச்சுற அன்னைக்கு இந்த மாடியிலேர்ந்து ஒரு ஆளாச்சும் வந்து ஒரு வாய் பால் குடிக்கணும். இல்லன்னா கிள்ளான் வீட்டுக்காரர்கிட்ட சாவியைத் திருப்பிக் கொடுக்காதீங்க. நான் மூட்டையைப் பிரிக்க மாட்டேன்.”

சொன்னபடியே மூட்டை எதையும் பிரிக்கவில்லை. சாமி படமும் பித்தளைப் பானையும் மட்டும்தான் வெளியே வந்தன. அவளே பூவும் பொட்டுமாகப் போய் மாடியில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டினாள். பாதி வீட்டில் ஆள் இல்லை. ஒரு வீட்டில் கதவு லேசாகத் திறந்தது, ஒரு குரல், “சாரி ஆன்டி, டொனேஷன் குடுத்தாச்சு,” என்றது, கதவு மூடிக்கொண்டது. கோயில் வசூலுக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். திரும்பி வந்தவள் பிரிக்காத மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கிள்ளான் சொந்தபந்தம் எல்லாம் சாயங்காலம்தான் வருவதாக இருந்தது. காலையில் பால் பொங்கும்போது நான், தனம், மகள் ஷாலினி, இவ்வளவுதான் கூட்டம். அடடா, வாசலையாவது லட்சணமாக வைப்போம் என்று குலை தள்ளிய வாழைமரம் இரண்டு கட்ட ஆசைப்பட்டேன். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் விலை கேட்டேன். அவர்கள் சொன்ன விலைக்கு, அந்த வாழை தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்து ஏர்கோன் அறையில் வளர்ந்திருக்க வேண்டும்.

“கிள்ளான்ல இது சும்மா கிடைக்குது,” என்றேன் கடைக்காரரிடம்.

“அப்போ கிள்ளான்லயே வாங்கிக்குங்க அண்ணே,” என்றார் அவர். கோபமெல்லாம் இல்லை, நல்ல மனுஷன். அவர் சொன்னதை நான்தான் அருள்வாக்காக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ரயில் ஏறி கிள்ளான் போனேன். பழைய வீட்டுப் பின்புறத்தில் பக்கத்து வீட்டு சுப்பண்ணன், நான் இரவே போனில் சொன்னபடி, இரண்டு மரத்தை வெட்டி வைத்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொன்றும் என்னைவிட உயரம். குலை வேறு பிள்ளைத்தாய்ச்சி மாதிரி தொங்கியது.

“என் லோரியிலயே கொண்டாந்து விட்டுறேன்பா. டோல், எண்ணெய்க் காசு மட்டும் குடு,” என்றார் சுப்பண்ணன்.

டோல். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. டோல் இல்லை என்று சொல்லித்தானே தனத்தை அழைத்து வந்தேன். முதல் நாளே டோல் கட்டினால் என் கணக்கு என்ன ஆவது? “ஸ்டேஷன்ல மட்டும் விட்டுடுங்கண்ணே,” என்றேன். சுப்பண்ணன் மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “முருகன் துணை,” என்றார். அவர் சாதாரணமாக அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

ரயில் வந்தது. எதிரில் திறந்த கதவுக்குள் மரங்களை அடிப்பக்கமாகத் தள்ளி, பின்னாலேயே நானும் ஏறினேன். கதவு மூடிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கும் இளஞ்சிவப்பு ஸ்டிக்கர். உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

நர்ஸ் உடுப்பில் இருந்த ஓர் அம்மாள், “அண்ணே, இது லேடிஸ் கோச்,” என்றார்.

“தெரியாம ஏறிட்டேன் தங்கச்சி. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி மாறிக்கிறேன்.”

“மரத்தை?”

மரம் ஒரு கதவிலிருந்து அடுத்த கதவு வரைக்கும் படுத்திருந்தது. அதை இழுத்து வெளியே எடுத்து, அடுத்த பெட்டிக்குள் திணிப்பதற்குள் ரயில் கோலாலம்பூரே போய்ச் சேர்ந்துவிடும். நான் விழித்தேன். அந்த அம்மாள் குலையைத் தொட்டுப் பார்த்தார்.

“குலை தள்ளியிருக்கு. அப்போ பொம்பளைதான். அது இங்க இருக்கலாம், நீங்க அந்தப் பக்கம் போங்க.”

பெட்டி முழுக்கச் சிரிப்பு. ஒரு மலாய்ப் பெண்மணிக்கு விஷயத்தை மொழிபெயர்த்தார்கள், அவரும் சிரித்தார். நான் அடுத்த பெட்டிக்குப் போய், நடுக் கண்ணாடி வழியாக மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு வழியில் நிற்கிற தகப்பன் மாதிரி இருந்தது. ஷா ஆலம் தாண்டியதும் யாரோ ஒரு சின்னப் பெண் இலையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

கே.எல். சென்ட்ரலில் நான் இறங்கி ஓடுவதற்குள் அந்த அம்மாளும் இன்னும் மூன்று பேரும் மரங்களைப் பிளாட்பாரத்தில் இறக்கி நிறுத்தியிருந்தார்கள். “பால் நல்லா பொங்கட்டும் அண்ணே,” என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மாள். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றும் விளக்கேற்றும்போது அவர் குடும்பத்துக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.

அங்கிருந்து கொண்டோ வரை தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று சுமந்தும் இழுத்தும் வந்ததை எழுதினால் பாவம் சேரும். நேராக லிஃப்டுக்கு வருகிறேன்.

கட்டிடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்று பழுது. மற்றதன் உயரம் என் மரத்தின் உயரத்தைவிடக் குறைவு. வாசலில் காவலுக்கு நின்ற நேப்பாள ஜாகா, “அங்கிள், போத்தோங் லா,” என்றார். வெட்டிவிடச் சொல்கிறார். நல்ல நாளில் நுனி வெட்டின மரத்தையா வாசலில் கட்டுவது? மனம் ஒப்பவில்லை. மரங்களைச் சாய்த்து, வளைத்து, இலைகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றேன். கதவு மூடியது. எட்டாவது மாடி வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

ஒன்பதாவது மாடியில் யாரோ பட்டன் அழுத்தியிருந்தார்கள். கதவு திறந்தது. வளைந்து நின்ற மரம் அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த கோபத்தையெல்லாம் காட்டி, வெளியே பாய்ந்து நிமிர்ந்தது. குலை கதவிடுக்கில் போய் மாட்டிக்கொண்டது. கதவு மூட வந்தது, குலையில் இடித்தது, திறந்தது. மறுபடி மூட வந்தது. பிறகு லிஃப்ட் ‘கீ’ என்று கத்த ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

சனிக்கிழமை காலை. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவர், டியூஷனுக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவர், கல்யாணத்துக்குச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினவர் எல்லாரும் அந்தந்த மாடியில் காத்துக் கிடந்தார்கள். காத்துப் பார்த்து, படி வழியாக இறங்கி, ஒன்பதாவது மாடியில் வந்து நின்று என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளே, மரத்துக்குப் பின்னால். வெளியே தெரிந்தது என் திருநீற்று நெற்றி மட்டும்தான்.

ஷாலினி போனில் கூப்பிட்டாள். “அப்பா, எங்க இருக்கீங்க? நல்ல நேரம் முடியப் போகுது.”

“லிஃப்ட்ல இருக்கேன்மா.”

“அங்க என்ன சத்தம்?”

“அதுவும் லிஃப்ட்தான்மா.”

கையில் பாசார் சாமான் வாங்கும் சின்னத் தள்ளுவண்டியோடு நின்ற ஒரு சீன அங்கிள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சியோங் என்று பெயர். குலையை அவர் மேலே தூக்க, நான் அடியைத் தள்ள, மரம் வெளியே வந்தது. “எந்த மாடி?” என்று மலாயில் கேட்டார். பதினைந்து என்றேன். “நானும் பதினைந்து,” என்றவர், தள்ளுவண்டியை, சத்தம் கேட்டு மேலே ஓடி வந்திருந்த ஜாகாவிடம் கொடுத்துவிட்டு மரத்தின் ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டார். கல்யாணச் சேலைக்காரம்மாவின் வீட்டுக்காரர் இன்னொரு முனையைப் பிடித்தார். இன்னும் இருவர் அடுத்த மரத்தைப் பிடித்தார்கள். லிஃப்ட் கத்திக்கொண்டே இருக்க, வேடிக்கை பார்த்தவர்களும் பின்னால் வர, படி வழியாக ஊர்வலம் கிளம்பியது. (சாமி ஊர்வலத்தில்கூட எனக்கு இவ்வளவு பேர் தோள் கொடுத்ததில்லை.)

எங்கள் வாசலில் தனம் நின்றாள். கணவனை எதிர்பார்த்தவள், மூச்சு வாங்கும் பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்தாள். “என்னங்க இது?” என்றாள்.

“நீ ஒரு ஆள் கேட்டியே,” என்றேன். எனக்கு அதற்கு மேல் மூச்சு இல்லை.

மரம் கட்டியாயிற்று. எல்லாரும் உள்ளே வந்து நின்றார்கள். தனம் பித்தளைப் பானையில் பால் ஊற்றி, சாமியைக் கும்பிட்டு, அடுப்பில் வைத்தாள். வீட்டோடு வந்தது மின்சார இண்டக்‌ஷன் அடுப்பு. அதற்குப் பித்தளை ஆகாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ‘டிட்’ என்றது, அணைந்துபோனது. மறுபடி அழுத்தினோம், மறுபடி ‘டிட்’. தனத்தின் கண் கலங்கிவிட்டது. எவர்சில்வர் பாத்திரமெல்லாம் பிரிக்காத மூட்டைக்குள் எங்கேயோ இருந்தது.

சியோங் அங்கிள் வெளியே போனார். எதிர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் சின்ன கேஸ் அடுப்பு. அவர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து ஸ்டீம்போட் சூப் கொதிக்கவைக்கிற அடுப்பு. அதில் என்னென்ன வெந்திருக்கும் என்று என் மனம் ஒரு சுற்று சுற்றி வந்தது. நான் தனத்தைப் பார்த்தேன். ஆசாரம் பார்ப்பதில் அவள் எனக்கு மேல்.

தனம் அடுப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “நெருப்புக்கு ஏதுங்க தீட்டு,” என்றாள். அடுப்பின் நெற்றியில் மூன்று கோடு திருநீறு பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். தீ பிடித்தது. பால் பொங்கி கிழக்குப் பக்கம் வழிந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாரும் கை தட்டினார்கள். முதல் தம்ளர் பால் சியோங் அங்கிளுக்கு.

கூட்டம் கலைந்ததும் தனம் முதல் மூட்டையின் கயிற்றை அவிழ்த்தாள். நான் பார்க்காதது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி மோனோரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. லிஃப்ட் பழுது பார்த்த செலவு, வாழைக்கறை தேய்த்த செலவு. அந்தத் தொகைக்கு சுப்பண்ணன் லோரியிலேயே நான் பினாங்கு வரைக்கும் போய் வந்திருக்கலாம். அன்றிலிருந்து நான் எதற்காவது, “கிள்ளான்ல இது...” என்று வாயைத் திறந்தால் போதும், “போய் கொமுட்டர்ல எடுத்துட்டு வாங்க, லேடிஸ் கோச்ல இடமிருக்கும்,” என்று அம்மாவும் மகளும் சேர்ந்து சொல்வார்கள். எனக்கு வியாதி பாதி குணமாகிவிட்டது.

லிஃப்டுக்குள் முன்பு, வாசனையாலேயே ஊரைக் கூட்டும் டுரியான் பழத்தின் படத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு போட்ட அறிவிப்பு மட்டும் இருந்தது. இப்போது பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. வாழைமரம், மேலே சிவப்புக் கோடு. வரைந்தவர் மெனக்கெட்டுக் குலையும் போட்டிருக்கிறார். வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் ஷாலினி அதைக் காட்டி, “எங்க அப்பா படம்,” என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

போன மாதம் பன்னிரண்டாவது மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. ஈப்போ பக்கம். அந்தத் தம்பி லிஃப்டில் அந்தப் படத்தையே பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், “அண்ணே, வாழைமரத்துக்கு ஏன் இங்க தடை?”

“யாருக்குத் தெரியும் தம்பி. எந்தப் புண்ணியவான் என்ன செஞ்சானோ,” என்றேன்.

தனம் பக்கத்தில்தான் நின்றாள். “அந்தப் புண்ணியவான் இவர்தான் தம்பி,” என்றாள். “அது கிடக்கட்டும், உங்க வீட்டுல என்னைக்குப் பால் காய்ச்சுறீங்க?”

“நாளைக்குக்கா. ஆனா இங்க எங்களுக்கு யாரையும் தெரியாது. நாங்க ரெண்டு பேருதான்.”

“பித்தளைப் பானையா?”

“ஆமாக்கா.”

“அப்போ சியோங் அங்கிளையும் கூட்டிட்டு வரேன்,” என்றாள் தனம். “அடுப்பு அவர்கிட்டதான் இருக்கு. அன்னைக்கு வச்ச திருநீறை அவர் இன்னும் அழிக்கலை.”