அக்காவுக்கு ஒரு சோபா

சோபாவின் பாதி முற்றத்திலும் பாதி வீட்டுக்குள்ளும் நின்றது. உள்ளே ராஜினி, வெளியே அவள் கணவன் சிவராசா. நடுவில், வாசல் இருந்த இடத்தில், பழுப்பு நிற மெத்தை.

"அளந்துதானே வாங்கினனீங்கள்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் ராஜினி.

"ஓம். முன்னறையை அளந்தனான்."

"வாசலை?"

சிவராசா சோபாவை இன்னொருமுறை தள்ளினார்.

மறுநாள் காலை பிரான்சிலிருந்து ராஜினியின் அக்கா வருகிறார். போனமுறை அக்கராயனுக்கு வந்தபோது, இந்த வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையின் கால் முறிந்து, எல்லோர் முன்னாலும் மல்லாந்து விழுந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் தங்கையோடு கதைக்கவேயில்லை. இப்போதுதான் மனமிரங்கி வருகிறார். அக்கா இருக்கிற கதிரை அசையக்கூடாது, அதுதான் ராஜினி போட்ட ஒரே நிபந்தனை.

சிவராசா வயலை விட்டுவிட்டு மூன்று நாள் கிளிநொச்சியில் கடை கடையாக ஏறி இறங்கினார். கண்ட சோபாவிலெல்லாம் எழும்பி எழும்பித் தொப்பென்று விழுந்து பார்த்தார். நாலாவது கடை முதலாளி பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். எப்படி விழுந்தாலும் முனகாத ஒன்று அங்கேதான் கிடைத்தது. இதைவிடப் பாரமான சோபா வன்னியிலேயே இல்லை என்றார் முதலாளி.

அது உண்மை என்று சிவராசாவின் முதுகு இப்போது அறிந்துகொண்டது.

சோபாவை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவந்த வினோதன் கதவைக் கழற்றச் சொன்னான். கழற்றினார்கள். சோபா இன்னும் ஒரு முழம் உள்ளே போய் அலுமாரியில் முட்டியது. அலுமாரியைக் குசினிப் பக்கத்தால் வெளியே கொண்டுபோனார்கள். பிறகு மேசை முட்டியது. பிறகு கட்டில். சோபாவைத் திருப்ப இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று வினோதன் சொல்லச் சொல்ல, டிவியும் நெல்லு மூட்டைகளும்கூட வெளியே வந்தன. வீடு காலியாகி முற்றம் நிறைந்தது. சோபா மட்டும் திரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து மழை தூறத் தொடங்கியது.

வேறு வழியில்லாமல் சாமான்களையெல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றித் தறப்பாளால் மூடிக் கட்டினார்கள். சோபாவை இடித்த இடியில் சுவரில் சாமிப் படங்கள் ஆடின. ராஜினி அவற்றையும் இறக்கி, சேலையில் சுற்றி, பெட்டியின் மூலையில் வைத்தாள்.

சிவராசா மரம் அறுக்கிற வாளை எடுத்துச் சோபாவின் ஒரு காலை அறுத்தார். மூன்று காலோடும் அது நின்ற இடத்திலேயே நின்றது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை.

"இனி அக்காவை எதிலை இருத்துறது?" என்றாள் ராஜினி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சிவராசாவுக்கும்தான். மழையில் நின்றதால் தெரியவில்லை.

கயிறு கட்டி இழுத்துப் பார்ப்போம் என்று வினோதன் எஞ்சினை இயக்கினான்.

சண்டைக் காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து ஓடிய அடுத்த வளவு மீனம்மா அந்தச் சத்தத்துக்கு வேலியால் ஓடிவந்தார். ஒரு கையில் உடுப்புப் பை, மறு கையில் கால் கட்டிய கோழி. அடையாள அட்டையும் காணி உறுதிப் பத்திரமும் வைத்த பொலித்தீன் பை இடுப்பில் செருகியிருந்தது. கதவில்லாத வீட்டையும் தறப்பாள் கட்டிய பெட்டியையும் ஒருதரம் பார்த்தார்.

"எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், தம்பி," என்றார். "இந்தமுறை எந்தப் பக்கம் ஓடுறம்?"