துரை ஊதிய கல்யாணம்

கல்யாணம் முடிந்து ஊர் திரும்பும் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பெண் உட்கார்ந்திருப்பாள். உலகம் முழுக்க அப்படித்தான். என் வண்டியில் மட்டும் முழங்கால் தெரியக் கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஒரு ஸ்காட்லாந்துக்காரர் உட்கார்ந்திருந்தார்.

அவர் பட்டாளத்துச் சிப்பாயாக வந்தவர். பட்டாளத்தை விட்டதும் பாளையங்கோட்டையிலேயே தங்கி, உடன்குடிக் கருப்பட்டி வாங்கிக் கப்பலில் அனுப்பும் வியாபாரியாகிவிட்டார். நான் அவருடைய குமாஸ்தா. துரை கடைத்தெருவில் பழகி எங்களைப் போலவே தமிழ் பேசுவார். ஆனாலும் நான் அவரிடம் இங்கிலீஷில்தான் பேசுவேன். (மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த திமிர்.)

ஜெர்மன் யுத்தத்துக்கு முந்தி, ஆழ்வார்குறிச்சிப் பக்கம் எனக்குக் கல்யாணம். அக்குளில் தோல்பையை இடுக்கி ஊதுகிற தன் ஊர்க் குழலோடு துரையும் வந்திருந்தார். பெண்ணை வண்டியேற்றும் நேரம், பெண் புகுந்த வீட்டுக்குப் போகையில் அவர் ஊரில் வாசிப்பதை வாசிக்கும்படி, கூட்டம் கேட்க இங்கிலீஷில் சொன்னேன். அதாவது, அப்படித்தான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, வீட்டை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்களுக்கு வாசிப்பதை வாசியுங்கள் என்று. துரையின் முகம் மாறியது. நிச்சயமாகவா என்று கேட்டார். நான் பெரிய மனிதத் தோரணையில் தலையாட்டினேன்.

கப்பலேறித் திரும்பாமலே போகிறவர்களுக்காக ஊதுகிற பாட்டு அது. முதலில் மாமியார் அழுதார். பிறகு ஜெபம் பண்ண வந்த உபதேசியார், சமையல்காரர், வண்டிக்காரர். பாதியில் நானும் அழுதேன். (மாப்பிள்ளை அழுததை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லையாம்.) பெண் தன் அப்பாவின் தோளைப் பிடித்தவள் விடவேயில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோளைப் பிடித்த மகளோடேயே மாமனார் என்னிடம் வந்தார்.

"மாப்ள, தப்பா நினைச்சிராதீங்க. பிள்ளையை இப்பம் அனுப்ப எனக்கு மனசு வரலை. ஒரு மாசம் இருந்துட்டு வரட்டும்."

பெண்ணுக்காக விரித்த மெத்தையில் துரை ஏறிக்கொண்டார். தாமிரபரணிக் கரையோரமாக வண்டி போனது. அவரை என்ன சொல்லித் திட்டலாம் என்று நான் இங்கிலீஷில் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் ஆற்றைப் பார்த்தபடி, தமிழில் சொன்னார்:

"எங்க அம்மை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தா. போவாதலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் கப்பல் ஏறியிருக்க மாட்டேன் வே."

தேடிய இங்கிலீஷ் வார்த்தைகளை விட்டுவிட்டு, மெத்தையில் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தேன்.

மறுமாதம் நான் தனியாகப் போய்ப் பெண்ணை அழைத்து வந்தேன். துரை கடைசிவரை தன் ஊருக்குப் போகவேயில்லை. பிழைப்புக்காக நாங்களும் ரங்கூன் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சாயங்காலம் துறைமுகத்தில் தூத்துக்குடிப் பேச்சு காதில் விழுந்தால் எனக்குக் கண் கலங்கும். மறைக்கப் பார்ப்பேன். பிள்ளைகளுக்கு முன்னால் என் மனைவி விடமாட்டாள்.

"என்ன, துரை ஊதுதாரா?"