பீமனுக்கும் கடோத்கஜனுக்கும் வேறு வீடு

இந்த நாய்கள் இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீஸராக இருக்கும் நான் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். மனைவி ஜலஜா சம்மதித்தால் அமலுக்கும் வரும்.

காரணம் ஒரு குரங்கு. தில்லி துவாரகாவில் எங்கள் ஃப்ளாட்டின் பால்கனியில் காய வைத்த வடாத்தை அது உட்கார்ந்து நிதானமாகத் தின்றது. கன்றுக்குட்டி உயரத்துக்கு இரண்டு கிரேட் டேன்கள், பீமனும் கடோத்கஜனும், என் முதுகுக்குப் பின்னால் நின்று நடுங்கின. நான் யார் முதுகுக்குப் பின்னால் நிற்பது?

குக்கர் விசில் அடித்தால் இரண்டும் கட்டிலுக்கடியில் புகும். உடம்பு போகாது, தலை மட்டும் போகும். கூரியர்காரன் வந்தால் என் மடியில் ஏறி உட்காரப் பார்க்கும். காவலுக்கு வாங்கிய நாய்களுக்கு நான் காவல் இருந்தேன்.

"யாருக்காவது குடுத்துடப் போறேன்," என்றேன்.

"பேஷா குடுங்கோ. நானே ஆள் பாத்துத் தரேன்."

அவள் எதிர்ப்பாள் என்று விதவிதமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தார். முறுக்கு மீசை. சௌத்ரி என்று ஜலஜா அறிமுகப்படுத்தினாள். ஹரியானா பக்கம் பண்ணை வீடாம். சட்டையில் பெருங்காய வாசனை அடித்தது. பண்ணையில் அதுவும் பயிராகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடோத்கஜன் நேரே போய் அவர் மடியில் தலையை வைத்தான். "அச்சா ஹை," என்று அவன் காதைத் தடவினார். இன்றைக்கே கொண்டுபோகிறேன் என்று இந்தியில் சொன்னார்.

இன்றைக்கேயா? எனக்குத் தெரிந்த இந்தியில் நாய்களின் குறைகளை அடுக்கினேன். கோழைகள் என்றேன். சோம்பேறிகள் என்றேன். குறட்டை விடும் என்றேன். அவருக்கு அப்படிப்பட்ட சாது நாய்கள்தான் வேண்டுமாம். வீட்டில் பேரக் குழந்தைகள் இருக்கிறார்களாம். எழுந்து கடோத்கஜனின் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

தில்லித் தமிழனிடம் ஒரு ரகசிய ஆயுதம் உண்டு. ஆட்டோவிலும் கடையிலும் எதிராளியை எதிரிலேயே வைத்துக்கொண்டு தமிழில் பேசிவிடலாம், அவனுக்குப் புரியாது. முகத்தில் சிரிப்பு மாறாமல் அதை எடுத்தேன்.

"ஜலஜா, எப்படியாவது இந்தத் தடியனை அனுப்பிடு. இதுகள் ரெண்டும் இல்லாம எனக்குத் தூக்கமே வராது."

"நீங்கதானே குடுக்கணும்னேள்?"

"புத்தி கெட்டுப் போய்ச் சொன்னேன்."

"கார்த்தால வெளில கூட்டிண்டு போறது யாரு?"

"நான்."

"தயிர் சாதம் பிசையறது?"

"நான்."

"ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் மளிகை தூக்கிண்டு வரது?"

நாய்க்கும் மளிகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அது நேரமில்லை. சங்கிலி வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"அதுவும் நான்தான்," என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாக்குச் சொல்ல வெங்காயம்கூட உரித்துக்கொண்டிருக்கவில்லை.

ஜலஜா இந்தியில் மன்னிப்புக் கேட்டாள். சௌத்ரி பெருந்தன்மையாகச் சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கதவைச் சாத்தியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டும் என் மேல் ஏறிப் படுத்தன. மூச்சு முட்டியது. அப்பாடா என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு, பையைத் தூக்கிக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட் போனேன். கல்யாணமான நாளாக ஜலஜாதான் அங்கே போவாள். எனக்குக் கடைகூடத் தெரியாது. அவள் சொன்ன அடையாளத்தை வைத்து ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். முருங்கைக்காய்க் கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு முறுக்கு மீசை நிமிர்ந்தது.

"வாங்க சார், இந்தத் தடியன் கடைதான்," என்றார் சௌத்ரி, சுத்தமான தஞ்சாவூர்த் தமிழில். "இப்ப நல்லாத் தூக்கம் வருதா?"