நன்னாரி சர்பத்தில் விழுந்த வால்நட்சத்திரம்

ஃபிரிட்ஜும் பி.எஸ்சி. இயற்பியல் மாணவனும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. எங்கள் ராஜபாளையம் வீட்டில் இரண்டும் இருந்தன. (ஃபிரிட்ஜாவது உருப்படியாக வேலை செய்தது.)

எண்பத்தாறாம் வருஷம், வால்நட்சத்திரம் வந்துபோன கோடை. வால்நட்சத்திரம் என்பது அழுக்குப் பனிக்கட்டி, உறையும்போதே வாயுக்களைத் தனக்குள் சிறைவைத்துக்கொள்ளும் என்று நூலகத்தில் படித்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் அப்படியொரு பனிக்கட்டி செய்து மெல்லச் சூடேற்றினால், உள்ளே மாட்டியவை ஒரேயடியாக வராதாம். தவணை தவணையாகப் பீறிட்டு வருமாம். விஞ்ஞானிகளிடம் வெற்றிடக் கலன் இருந்தது. என்னிடம் அஞ்சறைப் பெட்டி இருந்தது. பெருங்காயத்தையும் நசுக்கிய பூண்டையும் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றி வைத்தேன். மறுநாள் முகர்ந்தேன். வாடையே இல்லை. சிறைப்பட்டுவிட்டது! தலைகால் புரியவில்லை எனக்கு.

அன்று மாலைதான் அக்காவைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

"ஏலே, வாரவிய முன்னாடி வால்நட்சத்திரம் கீல்நட்சத்திரம்னு வாயத் தொறந்த, தோலை உரிச்சிருவேன்" என்றாள் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டை எடுத்தாள்.

அக்கா தலை குனிந்தபடி நன்னாரி சர்பத் கொண்டுவந்தாள்.

"அடடே, ஐஸெல்லாம் போட்டிருக்காவளே!" என்று மகிழ்ந்த மாப்பிள்ளையின் தாய்மாமா, டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதும் நின்றார். "என்னது, பூண்டு வாடை அடிக்கி?"

ஐஸ் இன்னும் கொஞ்சம் கரைந்தது. "இப்பம் காயம்லா அடிக்கி!"

நான் துள்ளி எழுந்தேன். "ரெண்டு தவணை! மொதல்ல பூண்டு, பொறவு காயம்! சக்சஸ்!"

அம்மா பார்த்த பார்வையில் மிச்ச ஐஸும் கரைந்திருக்கும்.

மரியாதைக்கு மாப்பிள்ளை டம்ளரை உதட்டில் வைத்துவிட்டார். பெண் பார்க்கும் இடத்தில் பெண் வாய் திறக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அக்கா நிமிர்ந்து கத்தினாள்: "ஐயோ, அதக் குடிச்சிராதிய! எந்தம்பி செஞ்ச வால்நட்சத்திரம் அது!"

கூடமே உறைந்தது. மூன்றாவது இடமும் போச்சு என்று அம்மா சுவரில் சாய்ந்தாள்.

மாப்பிள்ளை டம்ளரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஒரே மூச்சில் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உப்புதான் கொஞ்சம் கம்மி."

அக்கா சிரித்த சிரிப்பில் முகூர்த்தமே குறித்துவிட்டார்கள்.

இன்றும் அத்தான் எங்கள் வீட்டுக்கு வரும்போது நாங்கள் குளிர்ச்சியாக எதைக் கொடுத்தாலும் முதல் டம்ளரை என் பக்கம் தள்ளுவார்.

"மாப்ள, நீ மொதல்ல குடி. எத்தனை தவணை வருதுன்னு செத்த நேரம் பாப்போம்."