இளவரசி மின்னொளிக்கு வயது பதினெட்டு

கதையில் வரும் ஒரு பெண்ணுக்கு வயது என்ன என்று தீர்மானிப்பது அரசாங்கத்தின் தலையாய கடமைகளில் ஒன்று. கம்பம் பள்ளத்தாக்கு மக்களாகிய நமக்கு இது சென்ற ஆடி மாதம்தான் தெரியவந்தது. அதுவரை நமது உரிமைப் போராட்டக் குழுவின் பெயரில் குடிதண்ணீர், சாக்கடை, பஸ் நிற்காத பஸ் நிறுத்தம் என்று அற்ப விஷயங்களுக்காக மனு எழுதிக் காகிதத்தை வீணாக்கிக்கொண்டிருந்தோம்.

'ஏழ்சுனைக் கோட்டை' என்று ஐந்து பாக மாயாஜால நாவல் ஒன்று உண்டு. அதில் சிறகு முளைத்த யாளி பறக்கும். முந்நூறு வயது மந்திரவாதி ஒருவர் மூச்சுவிட்டால் மழை பெய்யும். பதினைந்து வயது இளவரசி மின்னொளி, மலைச்சுனையைக் காப்பாற்றுவதற்காக எதிரி அரசனுக்குக் கழுத்தை நீட்டுவாள். எழுதியவர் காலமாகிவிட்டார். ஆட்சேபணை சொல்ல ஆளில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட ஒரு டிவி கம்பெனி, அதைத் தொடராக எடுக்க அனுமந்தன்பட்டிக்கு வந்தது. மொக்கைச்சாமியின் தென்னந்தோப்பை வாடகைக்குப் பிடித்து, தெர்மாகோலில் ஒரு கோட்டையும் அதற்குள் ஒரு கல்யாண மண்டபமும் எழுப்பியது. தெர்மாகோல் என்றாலும் கோட்டை இரண்டு மழைக்கு நின்றது. சிமெண்டில் கட்டியவையே நிற்காத காலத்தில் இதைப் பாராட்டித்தான் ஆகவேண்டும்.

இளவரசி மின்னொளியாக நடிக்க வந்தவர் சொர்ணலதா. வயது முப்பத்திநான்கு. இளவரசியின் தாயாக நடித்தவருக்கு இருபத்தெட்டு. மகள் தாயைவிட ஆறு வயது மூத்தவள் என்பதில் கம்பெனிக்கு எந்த மனக்குறையும் இல்லை. மேலாளர் கிங்ஸ்லி காரணத்தை விளக்கினார். தொடருக்குப் பணம் கொடுப்பது தலைமுடிக்கு அடிக்கும் டை தயாரிக்கிறவர்கள். விளம்பரத்திலும் மின்னொளியேதான் வருகிறாள். பதினைந்து வயதுப் பெண் டை அடித்தால் ஜனங்கள் நம்பமாட்டார்கள். தாய் வேஷத்துக்கு வயதானவரைப் போட்டால் பார்க்கிறவர்களுக்குச் சோர்வு தட்டும். முந்நூறு வயது மந்திரவாதியாக ஜிம்முக்குப் போகும் ஓர் இளைஞரைப் போட்டிருந்தார்கள். தாடி மார்பை மறைக்கிறது என்று மூன்றாம் நாள் தாடியை எடுத்துவிட்டார்கள்.

இந்த அநீதியைக் கண்டு பொங்கி எழுந்தவர் தேவாரம் ஊர்க்காரர் அருண்பாண்டி. 'ஏழ்சுனைக் கோட்டை வாசகர் பாசறை'யின் தலைவர். ஐந்து பாகங்களில் முதல் பாகத்தின் சுருக்கத்தைச் செல்போனில் முழுமையாகப் பார்த்தவர். பதினைந்து வயதுப் பாத்திரத்துக்குப் பதினைந்து வயதுப் பெண்தான் வேண்டும் என்று உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் உண்ணாவிரதம் அறிவித்தார். நம் பள்ளத்தாக்கில் தண்ணீருக்காக உண்ணாவிரதம் இருந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. அங்கெல்லாம் வராத கேமராக்காரர்கள் இதற்கு விடியற்காலையிலேயே வந்து இடம் பிடித்தார்கள். பத்து மணிக்கு ஏர் கூலர் வைத்த பந்தலில் தொடங்கிய உண்ணாவிரதம், மதியம் பிரியாணி வந்து சேர்ந்ததும் மாபெரும் வெற்றியோடு நிறைவடைந்தது.

அதே தோப்பில் உண்மையாகவே பதினைந்து வயதான ஒரு பெண் இருந்தாள். மொக்கைச்சாமியின் மகள் நாகஜோதி. பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். படப்பிடிப்புக்காரர்களுக்கு இளநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வேடிக்கை பார்க்க வந்திருந்த குமுளி ஏலக்காய் வியாபாரி ஒருவர் கண்ணில் பட்டாள். அவருக்கு முப்பத்திரண்டு வயது. மறுவாரமே தாயார் முத்துமாரியம்மாளைப் பெண் கேட்க அனுப்பினார். மொக்கைச்சாமி நிதானமாக யோசித்தார். செட் போட்டது போட்டபடி நிற்கிறது. மண்டப வாடகை மிச்சம். கோட்டைக்குள் கல்யாணம் என்றால் வீடியோ எடுப்பாக வரும். ஆவணி முதல் வெள்ளிக்கு நாள் குறித்தார்.

நாகஜோதி அழுதாள். பரீட்சை எழுத வேண்டும், பதினொன்றில் சயின்ஸ் குரூப் எடுக்க வேண்டும் என்றாள்.

"அங்கன போயி எழுதிக்கலாம் ஆத்தா. மாப்ள வீட்ல தங்கமானவுக. படிக்க வைக்கிறோம்னு சொல்லித்தான் போயிருக்காக," என்றார் மொக்கைச்சாமி. அப்படிச் சொல்லாத மாப்பிள்ளை வீட்டாரை நாம் இதுவரை பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் நாகஜோதியின் பக்கத்தில் உட்காரும் ஃபர்ஹீனுக்கு வாய் கொஞ்சம் அதிகம், தைரியமும்தான். 'மணமகள் வயது மேற்பார்வைப் பிரிவு' என்ற அலுவலகத்துக்குப் போன் செய்து, அனுமந்தன்பட்டித் தோப்பில் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு என்று சொன்னாள். டிவிக்காரர்கள் இருக்கிற தோப்பா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். அரை மணியில் ஜீப் வந்தது.

இறங்கியவர் பிரிவு அலுவலர் கஸ்தூரியம்மாள். அந்த நேரம் மின்னொளியின் கல்யாணக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மொக்கைச்சாமியின் மனைவி ராக்கம்மாள், ஆடி மாதத்தில் போய்த் தாலி கட்டுகிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டு நின்றார். வேறு இருக்கை இல்லாததால் கஸ்தூரியம்மாள் சிம்மாசனத்தில் அமர்ந்து விசாரணையைத் தொடங்கினார்.

"பொண்ணு பேரு?"

"மின்னொளி, மேடம்," என்றார் கிங்ஸ்லி.

"வயசு?"

"கதைப்படி பதினஞ்சு."

"அப்பக் கல்யாணத்த நிறுத்துங்க."

கிங்ஸ்லி பதறிப்போனார். இது படப்பிடிப்பு என்றார். சொர்ணலதாவுக்கு முப்பத்திநான்கு வயது, கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஹைதராபாத்தில் நலமாக இருக்கிறார்கள் என்றார்.

"புருஷன் நல்லா இருக்கும்போதேவா இன்னொரு தாலி? அது இதவிடப் பெரிய கேஸ்," என்றார் கஸ்தூரியம்மாள். "நீங்களே சொல்லுங்க. கழுத்த நீட்றது மின்னொளியா, சொர்ணலதாவா? மின்னொளின்னா வயசு பத்தல. சொர்ணலதான்னா வீட்டுக்காரர் இருக்காக. எதுல கையெழுத்துப் போடுறீங்க?"

கிங்ஸ்லி இரண்டையும் எடைபோட்டு, சிறிய கேஸாகப் பார்த்து மின்னொளியில் கையெழுத்துப் போட்டார்.

ஃபர்ஹீன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். தான் சொன்னது இந்தப் பெண்ணை அல்ல, அதோ இளநீர்க் குலையோடு நிற்கிற பெண்ணை என்று கையைக் காட்டினாள். கஸ்தூரியம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நாகஜோதியைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் எப்ப?"

"ஆவணி மொத வெள்ளி."

"இன்னும் நடக்கலேல்ல. நடக்காத கல்யாணத்த எப்படிம்மா நிறுத்துறது? இங்கன கண்ணு முன்னால ஒண்ணு நடக்குது. மொதல்ல நடக்கிறத நிறுத்துவோம்."

"இது நெசமில்லையே மேடம்."

"நெசமில்லாமயா இத்தன சனம் நின்னு பாக்குது?"

ஃபர்ஹீன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். நாம் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படப்பிடிப்பு நின்றது. பாத்திர வயது நிர்ணயக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டு, மின்னொளியின் வயதைப் பதினெட்டாக உயர்த்தி ஆணையிட்டது. ஆனால் வயது என்பது ஒருவரோடு நிற்கும் சங்கதி அல்ல. அவளுக்கு மூன்று கூட்டினால் ஒரு வயது மூத்த அண்ணன் தம்பியாகிவிடுகிறான், பட்டத்து உரிமை பறிபோகிறது. ஆகவே அண்ணனுக்கும் மூன்று கூட்டினார்கள். நாவலில் மின்னொளிக்குப் பதினான்கு வயதாகும்போது அவள் தந்தை இறந்துபோகிறார். இப்போது அவளுக்குப் பதினேழு ஆகும்வரை அவர் உயிரோடு இருந்தாக வேண்டும். எனவே செத்துப்போன ராஜாவுக்கு மூன்றாண்டு பணி நீட்டிப்பு வழங்கப்பட்டது. மந்திரவாதி அறுபதைத் தாண்டியவர் என்பதால் மூத்த குடிமகனாகக் கருதி, அவர் ஏறும் படிக்கட்டுக்குக் கைப்பிடி வைக்கச் சொன்னார்கள். ஜிம் இளைஞர் அந்தக் கைப்பிடியில் தொங்கி உடற்பயிற்சி செய்தார்.

பாசறை கொதித்தது. பதினைந்தைப் பதினெட்டாக்கியது இலக்கியத்தின் மீது நடந்த தாக்குதல் என்று அருண்பாண்டி சாலையில் படுத்தார். சின்னமனூர் வரை லாரிகள் நின்றன. குழு அவரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தது. டீயும் வடையும் தீர்ந்தபோது இரு தரப்புக்கும் கௌரவமான ஓர் உடன்பாடு பிறந்திருந்தது. சட்டத்தின் மாண்பு கருதி பாத்திரத்துக்கு வயது பதினெட்டு. வாசகர் உணர்வு கருதி அதில் நடிக்கும் பெண்ணுக்கு வயது பதினைந்து. கஸ்தூரியம்மாளும் அருண்பாண்டியும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். தலைமையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று கிங்ஸ்லி தன் ஆட்களோடு சென்னைக்கு வண்டியேறினார். கோட்டை மட்டும் தோப்பில் நின்றது.

ஆவணி முதல் வெள்ளி வந்தது. தோப்பு வாசலில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். அதில் வட்டாரத்தில் உள்ள எல்லாக் கட்சி, எல்லாச் சங்கம், நமது உரிமைப் போராட்டக் குழு உட்பட அனைவர் பெயரும் வரவேற்பாளர்களாக அச்சாகியிருந்தது. பெயர் இருந்ததால் போகாமல் இருப்பது மரியாதையில்லை. போனோம். ஃபர்ஹீன் விடிவதற்குள் மறுபடி போன் செய்திருந்தாள். அதே தோப்பு, அதே கோட்டை, அதே கல்யாணம் என்று சொன்னாள். அந்தப் பிள்ளை அதற்குள் தேறிவிட்டது. நெசம் என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. ஜீப் முகூர்த்தத்துக்கு முன்பே வந்துவிட்டது. தகவல் கசிந்து பாசறையும் வேனில் வந்து இறங்கியது.

மணமேடையில் நாகஜோதி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் டிரோன் சுற்றியது. மாப்பிள்ளை தாலியை எடுக்கும்போதெல்லாம் போட்டோகிராபர், வெளிச்சம் சரியில்லை, திரும்ப எடுங்க என்று நிறுத்திக்கொண்டிருந்தார்.

கஸ்தூரியம்மாள் மேடையேறி வயது கேட்டார்.

"பதினஞ்சு," என்றாள் நாகஜோதி.

பாசறை எழுந்து நின்று கைதட்டியது. அருண்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே வெயிலில் கிடந்தோம் என்றார்.

"நான் நடிக்கல மேடம்," என்றாள் நாகஜோதி. "எனக்குக் கல்யாணம் வேணாம். பரீட்ச எழுதணும்."

கைதட்டல் இன்னும் பலத்தது. முப்பத்திநான்கு வயதுக்காரிக்கு இந்த நடுக்கம் வருமா என்று பாசறைச் செயலாளர் கேட்டார். ஃபர்ஹீன் இது நெசக் கல்யாணம் என்று கத்திக்கொண்டு மேடையில் ஏறப் பார்த்தாள்.

"நெசக் கல்யாணத்துக்கு எதுக்கும்மா இத்தன கேமரா?" என்று கேட்டார் கஸ்தூரியம்மாள். பிறகு மொக்கைச்சாமியிடம் திரும்பி, சின்னப் பிள்ளைகளை ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"ஏழரைக்குள்ள முடிஞ்சிரும்மா," என்றார் மொக்கைச்சாமி. இந்த விவகாரத்தில் பெரியவர்கள் சொன்னதில் பொய் இல்லாத ஒரே வாக்கியம் இதுதான்.

நடிப்பவர் வயது பதினைந்து, பாத்திரத்தின் வயது பதினெட்டு, உடன்பாடு முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டுள்ளது என்று கஸ்தூரியம்மாள் குறித்துக்கொண்டார். மேளம் கொட்டியது. நாகஜோதியைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து பார்த்தவர்கள்தான் முன்வரிசையில் இருந்தோம். அவளுக்கு எத்தனை வயது என்று நம்மில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அட்சதையைப் போட்டுவிட்டு, பந்தி நிரம்பும் முன் எழுந்து போனோம். கேசரியில் முந்திரி தாராளம்.

அந்த ஆண்டு குழந்தைத் திருமணமே நடக்காத வட்டாரம் என்று கஸ்தூரியம்மாளுக்குக் கேடயம் கிடைத்தது. பாசறை வெற்றி விழா எடுத்தது. டை கம்பெனி பிடிவாதமாக இருந்ததால் சொர்ணலதாவையே வைத்துத் தொடரை முடித்தார்கள். மின்னொளிக்கு வயது பதினெட்டு என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது.

கல்யாணக் காட்சி ஒளிபரப்பான இரவு, குமுளியில் முத்துமாரியம்மாள் டிவி முன்னால் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"பதினெட்டு வயசுதான ஆகுது பாவம். பச்சப்புள்ளயப் போயி இப்பிடிப் புடிச்சுக் குடுத்துட்டாகளே," என்று மூக்கை உறிஞ்சினார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏத்தா நாகஜோதி, காப்பி என்னாச்சு?" என்றார்.

அன்று நம் பள்ளத்தாக்கில் அழாத வீடில்லை. நாமும் அழுதோம். நாகஜோதி மட்டும் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அடுப்பில் பால் இருந்தது.